உளி பிடித்த கையின் கல்வி

1877இல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர் கன்றுகளுள் சில, பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோவால் கோலகங்சாரில் நடப்பட்டன. அதன்பின் சுங்கை சிப்புட், ஈப்போ வட்டாரம் எங்கும் பரவிய தோட்டங்களின் வரலாற்றை விலை, ஏக்கர், கங்காணி, லயம் என்று பலவாறாக எழுதியிருக்கிறோம். மரத்தைச் சீவிய கைக்குத் தெரிந்திருந்தது என்ன என்று மட்டும் அதிகம் கேட்டதில்லை. துரைமாரின் கணக்கில் பால்வெட்டு எவரையும் காலையில் ஆள்கணக்கெடுக்கும் பிரட்டில் நிறுத்தி ஏவிவிடக்கூடிய கூலிவேலை. உடலியக்கக் கட்டுப்பாடு பற்றி இன்றைய இயன்முறை மருத்துவம் அறிந்திருப்பதை வைத்துப் பார்த்தால் அந்தக் கணக்கு தவறு.

அமேசான் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள், மரம் புண்பட்டது. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தை 1888 முதல் நிர்வகித்த ரிட்லி, ஒரே வெட்டுக்கோட்டை மெல்லச் சீவித் திறந்துவந்தால் பட்டை மீண்டும் வளரும் என்று காட்டினார். தோட்டத்தொழில் லாபமானதற்கு இது முக்கியக் காரணம். ஆனால் இம்முறை பாரம் முழுவதையும் கையின்மேல் ஏற்றியது. பால்குழாய்கள் பட்டையின் உட்புறத்தில்தான் செறிந்திருக்கும். அதனால் உளி ஆழமாகப் போகவேண்டும்; ஆனால் மரத்தை வளர்க்கும் மெல்லிய படலத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் முன்பே நின்றுவிடவும் வேண்டும். மேலாகச் சீவினால் பால் சேரும் மங்கு நிறையாது. ஆழ்ந்தால் காயத்தில் முண்டுகட்டி, பின்னாளில் அந்தப் பக்கமே வெட்டுக்கு ஆகாமல் போகும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால், தலைவிளக்கின் சிறு வெளிச்சத்தில், ஒரு நிரையின் சில நூறு மரங்களையும் இப்படியே சீவி முடிக்கவேண்டும்.

ரஷ்ய உடலியங்கியலாளர் நிக்கொலாய் பெர்ன்ஸ்டைன் 1920களில் மாஸ்கோவில் உளியைச் சுத்தியலால் அடிக்கும் தொழிலாளரைப் படமெடுத்து ஆராய்ந்தார். தேர்ந்தவரின் அடி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் விழுந்தது. தோளும் முழங்கையும் மணிக்கட்டும் சென்ற வழியோ முறைக்கு முறை சற்று மாறியது. ஆகவே, மூளை அசைவை அச்சடித்து வைத்திருப்பதில்லை, ஒவ்வொரு முறையும் தீர்வை நிகழ்த்துகிறது என்றார் அவர். பால்வெட்டுக்கு இது அப்படியே பொருந்தும். எந்த இரு மரமும் ஒரே பருமனில்லை. பட்டையின் தடிப்பும் வெட்டின் உயரமும் மாறிக்கொண்டே இருக்கும். குறி சிறுக்கச் சிறுக்க வேகம் குறையும் என்று அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954இல் விதி வகுத்தார். நுணுக்கமும் வேகமும் ஒருசேரக் கேட்ட தோட்டத்தில், அந்த இழுபறியை நாள்தோறும் தீர்த்தது தொழிலாளியின் உடல்தான்.

சிறுபிள்ளைகள்கூட உதவினார்களே, சில வாரங்களில் பழகும் வேலை எப்படித் திறனாகும் என்று கேட்கலாம். தொடங்குவது எளிது, யோசிக்காமல் கை தானே ஆழத்தை உணரும் நிலைக்கு வர நீண்ட பயிற்சி வேண்டும். நல்ல வெட்டுக்காரரையும் மரத்தைக் கெடுப்பவரையும் வேலையை மேற்பார்த்த தண்டல்கள் பிரித்தறிந்ததே அதற்குச் சான்று. களையெடுப்பைவிடப் பால்வெட்டுக்குக் கூலி சற்று அதிகமாக இருந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்த வேறுபாடு, தொழிலாளியைக் கைவினைஞராக மதிக்கும் அளவுக்கு என்றும் உயரவில்லை. திறனைப் புகழ்ந்தால் சுரண்டல் மறைந்துவிடாதா என்பது இன்னொரு ஐயம், நியாயமானதும்கூட. எனினும், திறனில்லை என்ற பெயரே குறைந்த கூலிக்குச் சாக்கானது. அதை மறுப்பது சுரண்டலை இன்னும் தெளிவாகக் காட்டும்.

இன்று ஈப்போவின் மேரு ராயாவில், தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவின் மறுவாழ்வு மையம் இயங்குகிறது. இத்தகைய மையங்களில் பக்கவாதத்துக்குப் பிறகு கையை மீட்கும் சிகிச்சை, பொருளுள்ள வேலையைச் சூழலை மாற்றி மாற்றிச் செய்யவைத்து, பலனை உடனே உணரவைக்கும் கொள்கையில் நிற்கிறது. உளியும் மரமும் அன்று அளித்தது இதே பயிற்சிதான். தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புகளாகவும் மாறிவிட்டன. அந்தக் கைகளுக்கு உரியவர்கள் குறைந்துவருகிறார்கள். தோட்ட வரலாறு எழுதுவோர் அவர்களின் துயரத்தோடு, வெட்டிய விதத்தையும் கேட்டுப் பதிவு செய்யவேண்டும். இயன்முறை மருத்துவரும் முதியவரிடம் முதலில் அந்தக் கை செய்த வேலையைக் கேட்கட்டும்.