வளைந்த விரல்கள் ஏற்றிய விளக்கு

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார்கள் வரிசையில் நகர்ந்து, கைக்குக் கை மாறி உருவாகின்றன. திருப்பெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தார்க்கு அது பழகிய காட்சி. அத்தகைய ஒழுங்கை ஏழையரின் கண்ணொளிக்கு ஆக்கியவர் மருத்துவர் கோ. வெங்கடசாமி.

1918இல் எட்டயபுரத்தை அடுத்த வடமலாபுரத்தில் உழவர் குடியில் பிறந்தார். 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பணியில் சேர்ந்தார். மகப்பேறு மருத்துவராக விழைந்தவரை முடக்குவாதம் படுக்கையில் வீழ்த்தியது; விரல்கள் வளைந்தன. அவ்விரல்களையே கத்தி பிடிக்கப் பழக்கிக் கண் மருத்துவரானார். மதுரை அரசு மருத்துவமனையில் பணியாற்றியவாறே ஊர்தோறும் கண் முகாம்கள் நடத்தினார். தம் வாழ்நாளில் அவர் செய்த அறுவைகள் 1 இலட்சத்துக்கும் மேல்.

1976இல் ஓய்வு பெற்றதும், மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஒரு மேசையில் அறுவை நடக்கையில், பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாயிருப்பார். கட்டணம் செலுத்துவோர் தரும் தொகையால், இயலாதோர்க்கும் பார்வை கிட்டியது. கண்ணுள் பொருத்தும் வில்லையின் இறக்குமதி விலை எளியோர்க்குத் தடையாய் நின்றது. 1992இல் ஆரோலேப் நிறுவப்பட்டு, வில்லை இங்கேயே உருவாயிற்று. விலையும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காயிற்று.

2006இல் அவர் மறைந்தார். ஆலையின் ஒழுங்கு அருளுக்கு அயலானதன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று. வரிசையில் நின்று உழைக்கும் கைகள் நிறைந்த இம்மண்ணின் கவிஞர்க்கு அது நல்லதொரு பாடுபொருள்.