பத்திரிகைத் தொழிலும் சிறிய பல்கலைக்கழகங்களும்

பத்திரிகைத் தொழிலைக் கல்லூரியில் வைத்துக் கற்பிக்க இயலுமா? நம் நாட்டில் இவ்வினா ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் எழுந்தபொழுது, பழைய பத்திரிகாசிரியர்களுள் பெரும்பாலோர் இயலாது என்றே கருதினர். அவர்கள் அவ்வாறு கருதியதற்குக் காரணமும் இருந்தது. சென்னையில் 1890-இல் தோன்றிய ‘இந்தியன் சோஷியல் ரிபார்மர்’ என்னும் வார ஏட்டை 1898-இல் பம்பாய்க்குக் கொண்டு சென்று நெடுங்காலம் நடத்திய கே. நடராஜனும், அதே நகரில் ‘பிரீ பிரஸ் ஜர்னல்’ நாளேட்டை நிறுவிய எஸ். சதானந்தும் எந்தப் பட்டயத்தைக் காட்டியும் அத்தொழிலில் நுழைந்தவர்கள் அல்லர். பிற மாநிலங்களுக்குச் சென்ற தமிழர் பலர், செய்திக்கூடத்து மேசையையும் அச்சுக்கூடத்து மையையுமே ஆசானாகக் கொண்டனர். தந்தித்தாளைக் கையில் கொடுத்து, ‘இதைப் பாதியாகச் சுருக்கு’ என்று மூத்த துணையாசிரியர் ஒருவர் அதட்டுவதே அக்காலத்துப் பாடத்திட்டம்.

எனினும் அம்முறையில் ஒரு குறை உண்டு. அலுவலகத்திற்குள் நுழைவதற்கு யாரேனும் தெரிந்திருக்க வேண்டும். உறவினர் துணையற்ற சிற்றூர் இளைஞனுக்கும், பெண்களுக்கும் அவ்வாயில் எளிதில் திறக்கவில்லை. கல்லூரி வகுப்பு என்பது, வேறு எப்படியிருப்பினும், விண்ணப்பம் எழுதிப் போட்டு நுழையக்கூடிய வாயில் அன்றோ?

இந்தியாவில் அவ்வாயிலை முதலில் திறந்தது சென்னை அடையாறு. அன்னி பெசன்ட் அம்மையார் அங்கே ஒரு தேசியப் பல்கலைக்கழகத்தை நடத்தி வந்தார். இரவீந்திரநாத் தாகூர் அதன் வேந்தராக இருந்தார். அங்கு 1920-இல் பத்திரிகைத் தொழில் ஒரு பாடமாக வைக்கப்பட்டது. அரசாங்கத்தின் ஆதரவை நாடாத மிகச் சிறிய கல்விநிலையம் அது. ஆயினும் பெரிய பல்கலைக்கழகம் எதனிடமும் இல்லாத ஒன்று அதனிடம் இருந்தது. அம்மையாரின் ‘நியூ இந்தியா’ நாளேட்டிலேயே மாணவர்கள் வேலை பழகினர். 1916-இல் அச்சுச் சட்டத்தின்கீழ் ஜாமீன் தொகையைப் பறிகொடுத்த ஏடு அது. தலையங்கத்திற்கு விலை உண்டு என்பதைக் கற்பிக்க அதனினும் தக்க வகுப்பறை ஏது? ஆனால் அம்முயற்சி சில ஆண்டுகளே நிலைத்தது.

வகுப்பையும் அச்சுக்கூடத்தையும் இவ்வாறு இணைக்கும் முறை அமெரிக்காவிலும் கையாளப்பட்டது. மிசௌரி மாநிலத்தில் கொலம்பியா என்னும் சிறிய ஊரில் 1908-இல் வால்டர் வில்லியம்ஸ் பத்திரிகைப் பள்ளியைத் தொடங்கினார். வகுப்புகள் ஆரம்பமான முதல் நாளே மாணவர்களின் நாளேடு அச்சாகி வெளிவந்தது. அதைத் தொடங்கியவரோ பல்கலைக்கழகப் பட்டம் பெறாத பத்திரிகையாளர்!

அலிகாரில் 1938-இல், கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதியாகவும் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த ஸர் ஷா முகம்மது சுலைமான் முயற்சியால் ஒரு வகுப்பு தோன்றி, 1940-இல் மறைந்தது. சிறிய துறைகளின் பெருந்துன்பம் இதுவே. ஒருவர் ஆர்வத்தால் அவை முளைக்கின்றன. அந்த ஒருவர் கவனம் விலகினால் வாடிவிடுகின்றன. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947-இலும், பின்னர்க் கல்கத்தாவிலும், உஸ்மானியாவில் 1954-இலும் இப்பாடம் இடம் பெற்றது. மைசூர் மகாராஜா கல்லூரியில் 1951-இல் தொடங்கிய துறையை வளர்த்தவர், மிசௌரியில் பயின்று வந்த நாடிக் கிருஷ்ணமூர்த்தி.

நாகபுரியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அங்குள்ள ஹிஸ்லாப் கல்லூரி 1883-இல் ஸ்காட்லாந்து சமயத்தொண்டர்கள் நிறுவியது. 1952-இல் அமெரிக்காவின் சிரக்யூஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரோலண்ட் வுல்ஸ்லி புல்பிரைட் திட்டத்தின்கீழ் வந்து அங்கே பத்திரிகைத் துறையை அமைத்தார். அக்காலத்தில் நாகபுரி மத்தியப் பிரதேசத்தின் தலைநகர். சட்டசபை, செயலகம், உயர்நீதிமன்றம் யாவும் அவ்வூரில் இருந்தன. 1911 முதல் வெளிவரும் ‘ஹிதவாதா’ ஆங்கில ஏட்டோடு மராத்தி, இந்தி நாளேடுகளும் அங்கே நடந்தன. செய்தி சேகரிக்கக் கற்கும் மாணவனுக்கு இதனினும் வாய்ப்பான ஊர் வேண்டுவதில்லை. பம்பாய் போன்ற மாநகரில் முக்கியமான நிருபர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டிய மாணவன், இத்தகைய ஊரில் அமைச்சரை நேரில் சென்று காணலாம். பாடநூல்கள் யாவும் அமெரிக்கருடையனவாக இருந்த நிலையில், இந்தியப் பத்திரிகையாளர்களைக் கொண்டே கட்டுரைகள் எழுதுவித்து ‘ஜர்னலிசம் இன் மாடர்ன் இந்தியா’ என்னும் நூலை வுல்ஸ்லி 1953-இல் வெளியிட்டார். அவர் தாயகம் திரும்பிய பின்னும் துறை நீடித்தது.

இத்துறைகள் எல்லாவற்றிலும் நான் காணும் பெருங்குறை மொழியைப் பற்றியது. தொடக்கத்தில் பயிற்சி பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நடந்தது. ஆனால் அக்காலத்து ஏடுகளில் ஆங்கில ஏடுகள் சிறுபான்மையே. மராத்தி ஏட்டிலோ தமிழ் ஏட்டிலோ சேர்ந்தவன், ஆங்கிலத் தந்தியை மொழிபெயர்க்கும் கலையை மீண்டும் அலுவலகத்திலேயே கற்றான். உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் 1955-இல் நிறைவேறித் தொழிலுக்குச் சற்றுப் பாதுகாப்பு வந்த பின்னரும் இக்குறை எளிதில் தீரவில்லை. 1965 ஆகஸ்டு 17-ஆம் நாள் தில்லியில் இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்தை, அப்போது செய்தி ஒலிபரப்பு அமைச்சராயிருந்த இந்திரா காந்தி தொடங்கி வைத்தார். அது முதல் வானொலியும் விளம்பரமும் கிராமப் பிரசாரமும் ஒரே கூரையின்கீழ் வந்தன. பத்திரிகைத் தொழில் என்ற பழம்பெயர் தகவல் தொடர்பு என்று விரிந்தது.

கால வரிசையை மீறி லாகூரைக் கடைசியில் சொல்வதற்கென்று வைத்திருந்தேன். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் 1941-இல் பிருதிவி பால் சிங் தலைமையில் பத்திரிகைத் துறை தொடங்கிற்று. ஆறாண்டுகளில் நாடு பிரிந்தது. லாகூரில் 1881 முதல் நடந்துவந்த ‘டிரிபியூன்’ ஏடு சிம்லாவுக்கும் பின் அம்பாலாவுக்கும் பெயர்ந்தது. அம்பாலாவில் அதன் ஆசிரியராயிருந்தவர் ஜே. நடராஜன், முதலாவது பத்திரிகைக் கமிஷனின் அறிக்கைக்கென இந்தியப் பத்திரிகை வரலாற்றை எழுதி, 1955-இல் அது நூலாக வெளிவரக் காரணமாயிருந்தவர் அவரே. பத்திரிகைத் துறையோ தில்லிக்கு வந்தது. கட்டடமும் நகரமும் போய்விட்டன, ஆசிரியர் எஞ்சினார். பிருதிவி பால் சிங் தில்லியில் மீண்டும் வகுப்பை நடத்தினார். ஊர் இழந்த பல்கலைக்கழகத்தின் துறையொன்று பதினைந்தாண்டுகள் தலைநகரில் தங்கி, 1962-இல் சண்டிகர் சென்று சேர்ந்தது. ‘டிரிபியூன்’ அங்கு வந்து சேர்ந்தது 1969-இல்தான். லாகூரிலும் அத்துறை மீண்டும் தழைத்தது. இரு நாடுகளிலுமுள்ள இவ்விரண்டு துறைகளும் தாம் தோன்றிய ஆண்டாக 1941-ஐயே குறிக்கின்றன.