மானேஜர், ஏ.இ.ஓ., பதினொன்றாம் பிரிவு

இங்கே நியூ ஜெர்சியில் பிள்ளை வளர்க்கிற நம்மவர்களுக்கு ஸ்கூல் போர்டு என்றால் என்னவென்று நான் விளக்க வேண்டியதில்லை. வீட்டு வரியில் ஏறக்குறைய பாதி அங்கேதான் போகிறது. நவம்பரில் வாக்குச்சீட்டின் அடியில், யாரென்றே தெரியாத சில பெயர்கள் இருக்கும். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. அவர்கள்தான் சூப்பரிண்டெண்டென்டை வேலைக்கு வைக்கிறார்கள். பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. சூப்பரிண்டெண்டென்ட் பரிந்துரைக்காத ஆசிரியரைப் போர்டு நியமிக்க முடியாது. பெயரைச் சொல்வது ஒருவர், கையெழுத்துப் போடுவது மற்றவர். இதை யாரும் சர்வாதிகாரம் என்று சொல்வதில்லை.

கிட்டத்தட்ட இதே ஏற்பாட்டைக் கேரளத்தில் 1957-இல் ஒருவர் கொண்டுவரப் பார்த்தார். இரண்டு வருடத்தில் ஆட்சியே போய்விட்டது. (நில மசோதா உட்பட வேறு காரணங்களும் உண்டு, மறுக்கவில்லை.)

நான் வளர்ந்தது மட்டாஞ்சேரியில். வீட்டுக்குள் தமிழ், தெருவில் மலையாளம், கடைத்தெருவில் கொங்கணியும் குஜராத்தியும். எங்கள் ஊரில் ஒவ்வொரு சமூகமும் கோயிலோ பள்ளிவாசலோ கட்டியதோடு நிற்காமல் பள்ளிக்கூடமும் கட்டியது. கொங்கணிக்காரர்களின் திருமலை தேவஸ்வத்துக்கு டி.டி. பள்ளி, குஜராத்திகளுக்கு ஒரு வித்யாலயம், கச்சி மேமன்களின் ஹாஜி ஈசா ஹாஜி மூசா பள்ளி. கிறிஸ்தவப் பள்ளிகளைச் சொல்லவே வேண்டாம். 1818-லேயே டாசன் என்ற பாதிரியார் கொச்சி அரசின் பண உதவியோடு இங்கே ஓர் ஆங்கிலப் பள்ளி திறந்தார். அரசு பணம் தருவது, வேறொருவர் பள்ளி நடத்துவது என்ற ஏற்பாடு அவ்வளவு பழசு.

இன்னொரு வேடிக்கை. மட்டாஞ்சேரியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு நடந்தே போகலாம். ஆனால் 1956 அக்டோபர் வரை அது சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டம். இந்தப் பக்கம் கொச்சி கல்விக் கோடு, அந்தப் பக்கம் சென்னைச் சட்டம். பழைய திருவிதாங்கூருக்கு மூன்றாவது சட்டம். அந்த ஆண்டு நவம்பர் 1-இல் கேரளம் பிறந்தபோது, மூன்றையும் ஒன்றாக்கும் வேலை யார் ஆட்சிக்கு வந்தாலும் காத்திருந்தது.

வந்தது ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட். கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி, திருச்சூர் செயின்ட் தாமஸ் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தியவர், இலக்கிய விமர்சகர். கல்லூரி நிர்வாகத்தோடு மோதிப் பார்த்தவர் என்பதால், ஆசிரியர் பக்கம் நின்று பேச அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அந்தக் காலத்தில் தனியார் பள்ளி மானேஜர் என்றால் ராஜா. வாங்கிய சம்பளத்தைவிடக் கூடுதல் தொகைக்கு ஆசிரியர் கையெழுத்துப் போட்டுக்கொடுப்பது சர்வசாதாரணம். பெரியவர்களைக் கேட்டால் இன்றும் சொல்வார்கள். அரசு இதில் தலையிடப் பார்த்ததும் 1957-இல்தான் முதல்முறை என்றில்லை. திருவிதாங்கூரில் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் ஆரம்பக் கல்வியை அரசு கையில் எடுக்க முயன்றபோது, 1945-இல் சங்கனாச்சேரி பிஷப் ஜேம்ஸ் காளாசேரி இடயலேகனம் எழுதி எதிர்த்து நின்றார். பின்னால் திருவிதாங்கூர்-கொச்சியில் பனம்பிள்ளி கோவிந்த மேனன், கட்டணத்தின் பெரும்பகுதியை அரசே வாங்கிக்கொண்டு ஆசிரியருக்குச் சம்பளம் தரும் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். அவர் காங்கிரஸ்காரர், கம்யூனிஸ்ட் அல்ல.

முண்டசேரியின் மசோதா 1957 ஜூலையில் வந்து செப்டம்பர் 2-ஆம் தேதி நிறைவேறியது. அரசே ஆசிரியருக்கு நேரடியாகச் சம்பளம் தரும். மோசமாக நடக்கும் பள்ளியை அரசு எடுத்துக்கொள்ளலாம். ஆரம்ப வகுப்புகளில் கட்டணம் கூடாது. இவற்றோடு பதினொன்றாம் பிரிவு. பப்ளிக் சர்வீஸ் கமிஷன் மாவட்டவாரியாகத் தேர்ந்தெடுத்த பட்டியலிலிருந்துதான் மானேஜர் ஆசிரியரை நியமிக்க வேண்டும். கவனியுங்கள், நியமிப்பது அப்போதும் மானேஜர்தான், பட்டியல் மட்டும் வேறொருவருடையது.

குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் கையெழுத்துப் போடாமல் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958 மே 22-இல் பதில் வந்தது. தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் உள்ளிட்ட ஏழு பேர் பெஞ்ச். பள்ளியை அரசு எடுத்துக்கொள்ளும் பிரிவுகளும், கட்டணத் தடையும் சிறுபான்மைப் பள்ளிகள் விஷயத்தில் செல்லாது என்றார்கள். பதினொன்றாம் பிரிவோ தப்பியது. நிர்வாக உரிமையில் ஆழமாகக் கை வைக்கிறது என்றாலும், அரசுப் பணம் வாங்கும் பள்ளிக்கு இப்படி ஒரு நிபந்தனை வைக்கலாம் என்று ஏற்றுக்கொண்டார்கள். ஏழு பேரில் ஒருவர் மட்டும் கட்டண விஷயத்தில் மாறுபட்டார். பள்ளி நடத்தும் உரிமையை அரசியலமைப்பு தருகிறது, அரசு அங்கீகாரம் பெறும் உரிமையைத் தரவில்லை என்பது அவர் வாதம். அவர் டி.எல். வெங்கடராம ஐயர். ஆமாம், டி.கே. பட்டம்மாளுக்கு தீட்சிதர் கிருதிகள் சொல்லிக்கொடுத்த அதே டி.எல்.வி., 1944-இன் சங்கீத கலாநிதி. இவரைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.

திருத்திய மசோதா 1959 பிப்ரவரியில் சட்டமாகி ஜூன் 1-இல் அமலுக்கு வந்தது. ஜூன் 12-இல் விமோசன சமரம். சபையோடு கைகோத்தவர் நாயர் சர்வீஸ் சொசைட்டியின் மன்னத்து பத்மநாபன். அவருடைய பள்ளிகளுக்குச் சிறுபான்மை உரிமை எதுவும் கிடையாது. ஆகவே இது மதச் சண்டை மட்டுமே என்று சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அடிப்படையில் இது மானேஜர்களின் சண்டை. மறுநாளே அங்கமாலியில் துப்பாக்கிச் சூடு, ஏழு பேர் செத்தார்கள். ஜூலை 31-இல் ஆட்சி கலைக்கப்பட்டது.

1960-இல் பட்டம் தாணுப் பிள்ளையின் கூட்டணி அரசு வந்ததும் சட்டத்தைத் தூக்கிப் போடவில்லை. பதினொன்றாம் பிரிவை மட்டும் மாற்றி எழுதியது. பட்டியல் போயிற்று. தகுதி இருந்தால் போதும், மானேஜர் யாரையும் நியமிக்கலாம். சம்பளம் அரசு தரும். சுப்ரீம் கோர்ட்டில் பிழைத்த பிரிவு சட்டசபையில் செத்தது. சண்டையில் இரண்டு பக்கமும் பாதி ஜெயித்தன என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ஆசிரியருக்கு மாதச் சம்பளம் உறுதியானது, முன் அனுமதியில்லாமல் அவரை டிஸ்மிஸ் செய்ய முடியாது என்றானது. இது சின்ன விஷயமல்ல, முண்டசேரிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் வேலையின் விலையையும் அதே சட்டம் ஏற்றிவிட்டது. கஜானாவிலிருந்து வரும் சம்பளமும் பென்ஷனும் மானேஜர் கையெழுத்தில் கிடைக்கிறதென்றால் அந்தக் கையெழுத்துக்கு விலை இல்லாமல் இருக்குமா? என் சித்தி ஒருவர் இப்படித்தான் ஒரு பள்ளியில் சேர்ந்தார். பள்ளியின் பெயர் வேண்டாம். பாட்டியின் நகை போனது. அதற்குப் பெயர் நன்கொடை. முப்பது வருடம் பிரமாதமாகக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், அது வேறு விஷயம்.

இன்று கேரளத்தில் 7,000-க்கும் மேல் எய்டட் பள்ளிகள். மாநிலத்தின் பள்ளிகளில் பாதிக்கு மேல் இவைதான். நடுவில் நிற்பவர் மட்டாஞ்சேரி உபஜில்லாவின் ஏ.இ.ஓ. போன்றவர்கள், உயர்நிலைப் பள்ளிக்கு டி.இ.ஓ. இங்குள்ள சூப்பரிண்டெண்டென்டுக்கு நிகர் என்று பதவியைப் பார்த்தால் தோன்றும். ஆனால் ஆளைப் பரிந்துரைக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. மானேஜர் நியமித்த பிறகு தகுதி, விதி, காலியிடம் பார்த்து அங்கீகரிப்பார் அல்லது மறுப்பார். மறுத்தால் அப்பீல், கோர்ட், வருடக்கணக்கில் சம்பளமில்லாத ஆசிரியர். ஜூனில் பள்ளி திறந்து ஆறாம் வேலை நாளில் பிள்ளைகளின் எண்ணிக்கை எடுப்பார்கள். எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன் ஃபால், ஒரு ஆசிரியருக்கு இடமில்லை. அந்த வாரம் ஆசிரியர்களே வீடு வீடாகப் பிள்ளை பிடிக்க அலைவது எங்கள் ஊரில் சாதாரணக் காட்சி.

பெற்றோர் எங்கே என்று கேட்பீர்கள். 1957 மசோதாவிலேயே உள்ளூர் கல்வி ஆணையம் என்று ஓர் அமைப்புக்கு இடம் இருந்தது. இங்குள்ள ஸ்கூல் போர்டுக்குக் கொஞ்சமாவது பக்கத்தில் வருவது அது ஒன்றுதான். போராட்டத்தின் நடுவில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. எதிர்த்தவர்களுக்கும் ஆதரித்தவர்களுக்கும் பதினொன்றாம் பிரிவுதான் கண்ணில் பட்டது. 1995-க்குப் பிறகு அதிகாரப் பரவலாக்கத்தில் அரசுப் பள்ளிகள் பஞ்சாயத்து, நகராட்சி, மாநகராட்சிகளின் பொறுப்புக்கு வந்தன. ஆசிரியர்கள் அப்போதும் மாநில அரசின் ஆட்களே. ஆகவே இன்று மட்டாஞ்சேரியில் அரசுப் பள்ளியின் கூரை ஒழுகினால் கொச்சி மாநகராட்சி கவுன்சிலரைப் பிடிக்கலாம், அடுத்த தேர்தலில் தோற்கடிக்கவும் செய்யலாம். பக்கத்துத் தெரு எய்டட் பள்ளியில் ஒழுகினால் மானேஜர் வீட்டுக்குப் போய் நிற்க வேண்டும்.