பச்சை வேலிக்குள் இரண்டு குழந்தைப் பருவங்கள்: எனிட் பிளைட்டனும் அவர் மகள்களின் நினைவுகளும்

இங்கிலாந்தின் பக்கிங்ஹம்ஷயர் மாவட்டத்தில் பீக்கன்ஸ்ஃபீல்டு என்றொரு ஊர். அங்கிருந்த 'கிரீன் ஹெட்ஜஸ்' என்ற வீட்டை 1973இல் இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அந்த வீட்டுக்குப் பெயர் வைத்தவர்கள் அதில் குடியிருந்தவர்கள் அல்லர். 'சன்னி ஸ்டோரீஸ்' என்ற சிறுவர் பத்திரிகையின் வாசகர்கள் எழுதி அனுப்பிய பெயர்களிலிருந்து எடுக்கப்பட்டது அது. வீட்டுக்காரர் சிறுவர் எழுத்தாளர் எனிட் பிளைட்டன். இடித்த இடத்தில் எழுந்த குடியிருப்புக்கு 'பிளைட்டன் குளோஸ்' என்று பெயரிட்டார்கள். வீடு போனபின்பு அந்த வீட்டைப் பற்றிய வழக்கு தொடங்கியது. அங்கே வளர்ந்த இரண்டு பெண்களில் மூத்தவர் ஜில்லியனுக்கு அது அன்பான தாயின் வீடு. இளையவர் இமோஜெனுக்கு அது தாய்மையே இல்லாத ஒருவரின் வீடு.

இந்த முரண்பாட்டைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒரு கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள்: இருவரில் யார் சொல்வது உண்மை? கேள்வியே தவறு என்பது என் கருத்து. 1952 முதல் 2009 வரை இந்தக் குடும்பத்திலிருந்தும் அதைச் சுற்றியும் வெளிவந்த சாட்சியங்களைக் கால வரிசையில் அடுக்கிப் பார்த்தால், சகோதரிகள் தகவல்களில் மோதிக்கொள்ளும் இடங்கள் குறைவு என்பது தெரியும். ஒரே முகவரியில், ஒரே தாயிடம், வேறு வேறு ஆண்டுகளில் வளர்ந்தவர்கள் அவர்கள். அந்த ஆண்டு வேறுபாட்டைத்தான் கவனமாகப் பார்க்க வேண்டும்.

முதல் சாட்சி எனிட் பிளைட்டனே. ஏறத்தாழ எழுநூறு நூல்கள் எழுதிய அவர், தம் வீட்டையும் ஒரு தொடர்கதையாகவே வாசகருக்குத் தந்தார். 'டீச்சர்ஸ் வேர்ல்டு' இதழில் வாராவாரம் குழந்தைகளுக்குக் கடிதம் எழுதினார். அவருடைய நாய் பாப்ஸின் பெயரிலும் கடிதங்கள் வந்தன. 1935இல் அந்த நாய் இறந்தது. கடிதங்கள் நிற்கவில்லை, இறந்த நாய் பல ஆண்டுகள் குழந்தைகளுக்கு எழுதிக்கொண்டே இருந்தது. இதைச் சின்ன வேடிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. வாசகர் கண்ட வீட்டில் எதுவும் சாகவில்லை, யாரும் விட்டுப்போகவில்லை. குழந்தைகளுக்காக 1952இல் எழுதிய 'தி ஸ்டோரி ஆஃப் மை லைஃப்' என்ற தன்வரலாறு அந்த வீட்டின் முழு வடிவம். அதில் தோட்டம் உண்டு, செல்லப்பிராணிகள் உண்டு, இரண்டு மகள்கள் உண்டு, கணவராகக் கென்னத் டாரல் வாட்டர்ஸ் உண்டு. அந்த மகள்களைப் பெற்ற தந்தை ஹியூ பொல்லாக்குக்கு அதில் இடமில்லை.

இப்படி ஒரு மனிதரை வாழ்க்கைக் கதையிலிருந்தே எடுத்துவிடும் வழக்கம் எங்கிருந்து வந்தது? லண்டனின் ஈஸ்ட் டல்விச் பகுதியில் 1897 ஆகஸ்ட் 11இல் பிறந்த எனிட், அருகிலிருந்த பெக்கன்ஹமில் வளர்ந்தார். தந்தை தாமஸ் கேரி பிளைட்டன் வியாபாரி; செடிகொடி, இசை, நாடகம், புத்தகம் எல்லாவற்றிலும் ஈடுபாடு உள்ளவர்; மகளுக்கு உயிர். தாய் தெரசாவுக்கு வீட்டு வேலையில்தான் கவனம். மகளும் அதில் கைகொடுக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார். பெற்றோரின் சண்டைகள் மாடிப்படி வரை கேட்கும். எனிட்டும் தம்பிகள் ஹான்லியும் கேரியும் ஒருவரையொருவர் அணைத்துக்கொண்டு உட்கார்ந்து கேட்பார்கள். எனிட்டுக்குப் பதின்மூன்று நிறையும் முன்பே, 1910இல், தந்தை வேறொரு பெண்ணோடு போய்விட்டார். அக்கம்பக்கத்தார் கேட்டால் அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும் என்பது தாயின் கட்டளை. பிரிந்த குடும்பத்துக்கு மதிப்பில்லாத காலம் அது. ஒரு தாய் அப்படிச் சொன்னதைக் குற்றமாகப் பார்க்க முடியாது. ஆனால் மகள் அந்தப் பாடத்தை நன்றாகப் படித்துக்கொண்டார். 1920இல் தந்தை இறந்தபோது இறுதிச் சடங்குக்கு அவர் போகவில்லை. 1950இல் தாய் இறந்தபோதும் போகவில்லை. குழந்தையின் விளையாட்டையே கல்வியின் அடித்தளமாகக் கொண்ட ஃபிரோபெல் முறையில் இப்ஸ்விச்சில் ஆசிரியப் பயிற்சி பெற்றவர் அவர். அந்தப் பயிற்சிக்காகத்தான் வீட்டை விட்டுக் கிளம்பினார். கிளம்பியவர் மனத்தளவில் திரும்பி வரவில்லை.

1924இல் அவர் மணந்த ஹியூ பொல்லாக், முதல் உலகப் போரில் வீரப்பதக்கம் பெற்ற ராணுவ அதிகாரி. நியூன்ஸ் பதிப்பகத்தில் ஆசிரியர். எனிட்டின் எழுத்து வாழ்க்கை பெருகியதில் அவருக்குப் பங்கு உண்டு. தம்பதி 1929இல் போர்ன் எண்டில் 'ஓல்டு தாட்ச்' என்ற கூரை வேய்ந்த பழைய வீட்டுக்குக் குடிபோனார்கள். ஜில்லியன் 1931 ஜூலையிலும் இமோஜென் 1935 அக்டோபரிலும் பிறந்தார்கள். 1938இல் கிரீன் ஹெட்ஜஸ். அடுத்த ஆண்டு போர் வந்தது. பழைய போரின் காயங்கள் ஆறாத ஹியூ குடிப்பழக்கத்தில் விழுந்திருந்தார். மீண்டும் ராணுவப் பணிக்குப் போனார். பணியிடத்தில் இடா குரோ என்ற இளம் எழுத்தாளரோடு நெருக்கம் உண்டானது. எனிட் 1941இல் அறுவை மருத்துவர் டாரல் வாட்டர்ஸைச் சந்தித்து அவரை விரும்பினார். இரு பக்கமும் மண வாழ்க்கை முறிந்திருந்தது. ஆனால் அன்றைய ஆங்கிலேயச் சட்டம் இருவரும் மனமொத்துப் பிரிய இடம் தரவில்லை. ஒருவர் குற்றவாளியாக நிற்க வேண்டும். ஹியூ நின்றார். 1942இல் மணமுறிவு. 1943 அக்டோபர் 20இல் எனிட் மறுமணம் செய்தார். ஆறு நாள் கழித்து ஹியூவும் இடாவும் மணந்தார்கள். மகள்களின் குடும்பப் பெயர் டாரல் வாட்டர்ஸ் என்று மாறியது. அதன்பின் ஹியூ தம் இரு மகள்களையும் பார்க்கவே இல்லை.

பழியை ஹியூ ஏற்றுக்கொண்டதற்குக் கைம்மாறாக, பிள்ளைகளைப் பார்க்க அனுமதி தருவதாகப் பேச்சு இருந்தது, பிறகு அது மீறப்பட்டது என்பது அவர் தரப்பு. எனிட் இதற்கு எந்தப் பதிலும் எழுதி வைக்கவில்லை. பேச்சு இருந்ததோ இல்லையோ, விளைவில் ஐயமில்லை: 1910இல் பெக்கன்ஹமில் நடந்தது 1942இல் பீக்கன்ஸ்ஃபீல்டில் மறுபடி நடந்தது. ஒரு தந்தை போனார். அவர் போனதைப் பற்றிப் பேச்சே எழவில்லை. தம் பன்னிரண்டாம் வயதில் தாம் பட்ட அதே அடியை, பதினோரு வயது மகளுக்கும் ஏழு வயது மகளுக்கும் எனிட் கொடுத்தார். தெரிந்தே கொடுத்தார் என்று நான் சொல்லமாட்டேன். வலிக்கிற இடத்தை மூடிவைப்பதே வாழும் வழி என்று நம்பியவருக்கு அது அடியாகவே தெரியாமல் போயிருக்கலாம்.

இதில் எதையும் எனிட் உயிரோடிருந்தவரை வாசகர்கள் அறியவில்லை. அவருடைய கதைமாந்தர்களான நாடியும் 'ஃபேமஸ் ஃபைவ்' ஐவர் குழுவும் உலகைச் சுற்றிவந்த காலம் அது. நம் ஊர் ஆங்கிலவழிப் பள்ளிகளின் நூலக அலமாரிகளில் 'ஃபேமஸ் ஃபைவ்' வரிசைக்கு இருந்த மவுசைப் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். 1968 நவம்பர் 28இல் அவர் இறந்தார். ஆறு ஆண்டுகள் கழித்து, 1974இல், பார்பரா ஸ்டோனி எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்தபோதுதான் பெக்கன்ஹம் மாடிப்படியும் ஹியூ பொல்லாக்கும் வெளிச்சத்துக்கு வந்தார்கள். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஸ்டோனிக்குக் கதவைத் திறந்துவிட்டவர் ஜில்லியன். தாயின் புகழைக் காக்க உண்மையை மறைத்த மகள் என்று அவரைச் சித்திரிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். தாய் அழித்த தந்தையின் பெயரைப் பொதுவெளிக்கு மீட்டுக் கொண்டுவந்த நூல் மூத்த மகளின் ஒத்துழைப்பால் எழுந்தது. ஹியூ அதைப் பார்க்கவில்லை. தம் தரப்பை நூலாக எழுதாமலே 1971இல் இறந்துபோயிருந்தார்.

ஸ்டோனியின் நூல் வந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, 1989இல், இமோஜென் 'எ சைல்டுஹுட் அட் கிரீன் ஹெட்ஜஸ்' என்ற நினைவு நூலை எழுதினார். அவர் நினைவில் தாய் வீட்டின் அதிகாரம். குழந்தைகள் அறைக்கு அவர் வருவது அவசரமாக, பெரும்பாலும் கோபமாக. கவலை தருவதை மனத்திலிருந்து விலக்கிவிடும் திறமை தாய்க்கு இருந்தது, தாய்மை உணர்வு இருக்கவில்லை என்று அவர் முடிவுக்கு வந்தார். நூலின் கூர்மையான வரிகளைப் பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. இன்றும் எனிட்டைப் பற்றிய கட்டுரைகளில் அவையே திரும்பத் திரும்ப வருகின்றன. முழு நூலின் தொனி அதுவன்று. தாயைத் தேடி, கிடைக்காமல், வளர்ந்தபின் புரிந்துகொள்ள முயலும் ஒருத்தியின் குரலைத்தான் நான் அதில் கேட்கிறேன்.

ஜில்லியன் இதை மறுத்து எழுதியும் பேசியும் வந்தார். அவர் கண்ட தாய் நியாயமானவர், பிரியமானவர், கூட நடந்தால் பறவையையும் பூவையும் பெயர் சொல்லிக் காட்டுபவர், கதை சொல்லி அலுக்காதவர். 1997 நூற்றாண்டு விழாக் காலத்தில் தாயின் பெயரைத் தாங்கி நின்ற முகம் அவருடையதுதான். 2007இல் இறக்கும்வரை அந்த நிலையிலிருந்து அவர் இறங்கவில்லை.

இப்போது வயதுகளை எடுத்துக்கொள்வோம். கிரீன் ஹெட்ஜஸுக்கு வந்தபோது ஜில்லியனுக்கு ஏழு வயது; இமோஜெனுக்கு மூன்றுகூட நிறையவில்லை. ஓல்டு தாட்ச் தோட்டமும், அங்கே தந்தை இருந்த நாட்களும், இளம் தாயின் நடைப் பயணங்களும் மூத்தவரின் சொத்து. இளையவரின் நினைவு தொடங்கும்போதே வீட்டில் மண முறிவு தொடங்கிவிட்டது. அவருக்கு நான்கைந்து வயதில் தந்தை ராணுவத்துக்குப் போனார். ஏழு வயதில் தந்தை என்ற சொல்லுக்கே வேறு ஆள் வந்தார். அதே ஆண்டுகளில்தான் எனிட்டின் எழுத்து வேகம் உச்சத்துக்கு ஏறியது: 1942இல் ஐவர் குழுவின் முதல் கதை, நாற்பதுகளில் பள்ளிக் கதைகள், 1949இல் நாடி. ஒரு நாளில் பத்தாயிரம் சொல் வரை தட்டச்சு செய்யும் பெண்ணிடம் சிறு குழந்தைக்கு என்ன மிஞ்சியிருக்கும்? மாலைத் தேநீருக்குப் பின் ஒரு மணி நேரம். அதையும் தனியே எனிட்டின் குறையாக எழுதுவது சரியில்லை. அன்றைய ஆங்கிலேய நடுத்தர மேல்தட்டு வீடுகளில் பிள்ளைகள் செவிலியிடம் வளர்ந்து, குறித்த வேளையில் பெற்றோர் முன் வருவதே வழக்கம். அந்த ஒரு மணி நேரம் ஏழு வயதுச் சிறுமிக்கு விருந்தாக இருக்கலாம். மூன்று வயதுக் குழந்தைக்குப் பசி தீராது.

வேறொரு வேறுபாடும் உண்டு. ஜில்லியன் தாய்க்குத் துணையாக நடக்கக்கூடிய பிள்ளை. கதை கேட்கும் வயதில் கதைக்காரரிடம் இருந்தார். எனிட்டால் நேசிக்க முடிந்தது கேட்கும் குழந்தையை, அதாவது வாசகரை. அழும் குழந்தையை எப்படிக் கையாள்வதென்று அவருக்குத் தெரியவில்லை. பெக்கன்ஹமில் யாரும் அவருக்கு அதைச் செய்துகாட்டவும் இல்லை.

2009இல் இரண்டு புதிய சாட்சியங்கள் சேர்ந்தன. நூறு வயதைத் தாண்டியிருந்த இடா பொல்லாக் தம் நினைவுகளை நூலாக்கினார். ஹியூவின் தரப்பு அவர் வீட்டாரின் வாயாலேயே விரிவாக வந்தது. அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, வென்ற மனைவி எழுதியது என்பதை மனத்தில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும். அதே ஆண்டு பிபிசி ஒளிபரப்பிய 'எனிட்' படத்தில் ஹெலனா பான்ஹம் கார்ட்டர் நடித்தார். படம் இமோஜெனின் தாயையே பெரும்பாலும் திரைக்குக் கொண்டுவந்தது. அப்போது ஜில்லியன் உயிரோடு இல்லை. புத்தகம் படிக்காத லட்சக்கணக்கானோருக்கு அந்த ஒன்றரை மணி நேரமே எனிட்டின் வாழ்க்கையாகிவிட்டது. ஓல்டு தாட்சில் மூத்த மகள் கழித்த ஏழு ஆண்டுகள் அதில் நிழலாகக்கூட விழவில்லை. கிரீன் ஹெட்ஜஸில் துணி துவைத்து, சமைத்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டிய பெண்களின் சாட்சியம் இந்த வரிசையில் எங்கும் தனி நூலாக இல்லாதது என்னை இன்னும் அதிகமாக உறுத்துகிறது. அந்த வீட்டின் தாய்மையில் பாதியைச் சுமந்தவர்கள் அவர்கள்தான்.

எனிட்டின் கடைசி ஆண்டுகளை ஸ்டோனி பதிவு செய்திருக்கிறார். 1960களில் நினைவு குலையத் தொடங்கியது. கணவர் டாரல் வாட்டர்ஸ் 1967இல் இறந்தார். உலகம் முழுதும் தெரிந்த கிரீன் ஹெட்ஜஸில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்குப் போக வேண்டும் என்றார் எனிட். அவர் சொன்னது பெக்கன்ஹம் வீட்டை. அங்கே அப்பாவும் அம்மாவும் காத்திருப்பதாக நம்பினார்.