தொட்டியில் தெரிந்த வெளிச்சம்

அதிர்ஷ்டம் என்ற வார்த்தையை விஞ்ஞானிகள் விஷயத்தில் நாம் சற்றுத் தாராளமாகவே உபயோகிக்கிறோம். ஒஸாமு ஷிமோமுரா என்ற ஜப்பானியரின் கதையைச் சொல்கிறவர்கள், வேண்டாம் என்று அவர் தொட்டியில் கொட்டிய திரவம் பளிச்சென்று ஒளிவிட்டதைச் சொல்லி, "என்ன அதிர்ஷ்டம்!" என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது சம்மதமில்லை. இந்தச் சரித்திரத்தில் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டு. ஆனால் அந்தத் தொட்டியில் அதைத் தேடுவது வீண்.

1945 ஆகஸ்டில் ஷிமோமுராவுக்கு 16 வயது. நாகஸாகிக்கு அருகே இஸஹாயா என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தார். குண்டு விழுந்தபோது ஜன்னல் வழியே வந்த ஒளி சிறிது நேரம் அவர் கண்ணை அவித்துவிட்டது. வீடு திரும்பும் வழியில் கறுப்பு மழை பெய்து சட்டை நனைந்தது. பாட்டி உடனே குளிக்க வைத்தாள். பிழைத்தார். அதிர்ஷ்டம் என்றால் அதைச் சொல்லலாம். யுத்தம் முடிந்ததும் படிக்க இடம் கிடைத்தது மருந்துக் கல்லூரியில்தான். அதில் அவருக்கு விருப்பமே கிடையாது. ஆனாலும் 1956-ல், நகோயாவில், கடல் மின்மினி என்று ஜப்பானியர் அழைக்கும் ஒரு சிறு பிராணியின் ஒளிப்பொருளைப் படிகமாக்கிக் காட்டினார். அதைக் கேள்விப்பட்டு, பிரின்ஸ்டனிலிருந்த ஃபிராங்க் ஜான்ஸன் அவரை அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டார்.

1961 கோடையில் அவர்கள் காரில் அந்தக் கண்டத்தையே குறுக்காகக் கடந்து, மேற்குக் கோடியில் ஃபிரைடே ஹார்பர் என்ற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அங்கே கடலில் ஏக்வோரியா என்ற ஜெல்லி மீன் ஏராளம். நம் மீனவர்கள் சொறி என்பார்களே, அந்த இனம். கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணம் போல இருக்கும். சீண்டினால் விளிம்பில் பச்சை வளையம் ஒளிரும். அந்த விளிம்பை மட்டும் நறுக்கித் துணியில் பிழிந்தால் ஒளிரும் சாறு கிடைக்கும். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஒளி தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு ஆராய என்ன இருக்கிறது? விளக்கை அணைத்து வைத்துக்கொண்டு எண்ணெயைப் பிரித்தெடுக்க வேண்டும். பிறகு வேண்டும்போது ஏற்றவும் முடிய வேண்டும்.

ஒளிவிடும் பிராணிகளில் எல்லாம் இரண்டு பொருள்கள் சேர்ந்துதான் ஒளி உண்டாகிறது என்பது அந்நாளைய நம்பிக்கை. ஜான்ஸன் அந்த ஜோடியையே தேடிக்கொண்டிருந்தார். ஷிமோமுரா அதைக் கைவிட வேண்டும் என்றார். அழைத்து வந்த பெரியவரிடம் ஒரு ஜப்பானிய இளைஞர் இப்படிச் சொல்வது லேசான காரியமல்ல. ஒரே மேஜையின் இரு பக்கங்களிலும் இருவரும் வேறு வேறு வழியில் வேலை செய்தார்கள். மனத்தாங்கல் இல்லாமல் இருந்திருக்காது. ஷிமோமுரா ஒரு படகை எடுத்துக்கொண்டு தனியே கடலில் மிதந்தபடி யோசித்தார். ஒளி எதனால் உண்டானாலும் அதில் ஒரு புரதம் இருக்கத்தான் வேண்டும். புரதம் என்றால் அமிலத்துக்கு அடங்கும் என்று தோன்றியது. திரும்பி வந்து சாற்றில் அமிலத்தைச் சேர்த்தார். ஒளி அணைந்தது. வடிகட்டி, அமிலத்தை முறித்தார். மங்கலாக மறுபடி ஒளி வந்தது.

வெற்றி அங்கேயே கிடைத்துவிட்டது என்பது என் கட்சி. தொட்டி அதற்குப் பிறகுதான் வருகிறது. வேலை முடிந்து சாற்றைக் கொட்டினார். தொட்டிக்குள் நீல ஒளி பளீரென்று வீசியது. மீன் தொட்டி ஒன்றிலிருந்து வழிந்த கடல் நீர் அதில் விழுந்துகொண்டிருந்தது. கடல் நீரில் எது இதைச் செய்கிறது? கால்ஷியம். அப்படியானால் கால்ஷியத்தைக் கவ்விப் பிடிக்கும் ரசாயனம் ஒன்றைக் கலந்துவிட்டால், பிரித்தெடுக்கும்வரை விளக்கு அணைந்தே இருக்கும். கொட்டியது தற்செயல்தான். கொட்டியபின் எழுந்த கேள்விக்கு அவர் பல நாள் தயாராகியிருந்தார்.

சுமார் 10,000 ஜெல்லி மீன்களிலிருந்து சில மில்லிகிராம் புரதம் கிடைத்தது. ஏக்வோரின் என்ற பெயரில் 1962-ல் அதை வெளியிட்டார்கள். 1967-ல் ரிட்ஜ்வே, ஆஷ்லி என்ற இருவர் அதைக் கொட்டலசு என்ற கடற்பிராணியின் தசை நாரில் செலுத்தினார்கள். தசை சுருங்கும் கணத்தில் உள்ளே கால்ஷியம் எழுந்து அடங்குவதை ஒளியாகவே பார்த்தார்கள். உயிரோடிருக்கும் தசைக்குள் ரசாயனம் நடப்பதைப் பார்ப்பது சாமானியமா? மேலும் மேலும் புரதம் வேண்டியிருந்தது. ஷிமோமுரா பல கோடைகளில், மனைவி மக்களோடு வலை பிடித்துச் சேர்த்தவை மொத்தம் 8,50,000 பிராணிகள்.

ஏக்வோரின் தருவது நீல ஒளி. ஜெல்லி மீனோ பச்சையாக ஒளிர்கிறது. பக்கத்திலிருக்கும் இன்னொரு புரதம் அந்த நீலத்தின் சக்தியை வாங்கிப் பச்சையாகத் திருப்பித் தருவதுதான் காரணம். புற ஊதா ஒளியில் பிடித்தாலும் அது பச்சையாக மின்னும். 1962-ல் அது வெறும் உபரிச் சரக்கு.

அந்த உபரிச் சரக்கின் மதிப்பை உணர்ந்தவர் டக்ளஸ் பிராஷர். அதுவரை செல்லுக்குள் ஒன்றைக் கண்டுகொள்ள, பெரும்பாலும் செல்லைக் கொன்று சாயம் ஏற்ற வேண்டும். இல்லாவிட்டால் வெளியே தயாரித்த சாயத்தை உள்ளே புகுத்த வேண்டும். இந்தப் பச்சைப் புரதத்தின் ஜீன் கிடைத்தால், அதை எந்தப் புரதத்தின் ஜீனோடும் ஒட்டிவிடலாம். செல் தானே விளக்குக் கட்டிக்கொள்ளும். பிராஷர் அந்த ஜீனைப் பிரித்து 1992-ல் வெளியிட்டார். பணம்தான் வரவில்லை. அரசாங்க உதவிக்குப் போட்ட விண்ணப்பம் தள்ளுபடியாயிற்று. அந்த வேலையை விடுவது என்று தீர்மானித்தவர், கேட்டவர்களுக்கு ஜீனைத் தபாலில் அனுப்பிவிட்டார். கேட்டவர்கள் இருவர்: மார்ட்டின் சால்ஃபி, ரோஜர் ட்ஸியென்.

சால்ஃபி 1994-ல் ஒரு புழுவின் தொடு நரம்புகளை உயிரோடு பச்சையாக ஒளிரச் செய்தார். வேறு துணைப் பொருள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. ஆக்ஸிஜன் இருந்தால் போதும், புரதம் தன் அங்கங்களில் மூன்றைக் கொண்டே நிறத்தைச் செய்துகொள்கிறது. ட்ஸியென் அதை இன்னும் பிரகாசமாக்கிப் பல வர்ணங்களில் வடித்தார். 2008-ல் ரசாயனத்துக்கான நோபல் பரிசு ஷிமோமுரா, சால்ஃபி, ட்ஸியென் மூவருக்கும். மூவருக்கு மேல் பங்கு கிடையாது என்பது விதி.

அந்தச் சமயம் பிராஷர் அலபாமாவில், கார் விற்கும் கடை ஒன்றில், வாடிக்கைக்காரர்களை ஏற்றி இறக்கும் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் இல்லாமல் தங்களுக்குப் பரிசு ஏது என்று சால்ஃபியும் ட்ஸியெனும் ஒளிக்காமல் சொன்னார்கள். தங்கள் செலவில் அவரையும் மனைவியையும் ஸ்டாக்ஹோமுக்கு அழைத்துப் போனார்கள். பரிசு வழங்கியதைச் சபையில் இருந்து பார்த்துவிட்டு, அவர் ஊருக்குத் திரும்பி மறுபடி வண்டி ஓட்டினார். சில வருஷங்கள் கழித்து, 2012-ல், ட்ஸியென் தம் ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார்.