உல்லாசக் கப்பலில் ஏறிய நாற்பது பேர்



போன ஞாயிறு சூயஸ் கால்வாய் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு, இப்போது துபாயில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: "சார், சரக்கு ஏற்ற, சண்டை போட, பிழைப்புத் தேட என்று மனுசன் கப்பல் ஏறினது சரி. சும்மா ஊர் சுற்றிப் பார்க்க ஒரு முழுக் கப்பலையே பிடித்துக்கொண்டு போகும் வழக்கம் எப்போது வந்தது?" நல்ல கேள்வி. பதில் கொஞ்சம் நீளம். டீயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

1844-லேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. இங்கிலாந்தின் பி அண்ட் ஓ கம்பெனி, தன் தபால் கப்பல்களில் மத்தியதரைக் கடலைச் சுற்றிப் பார்க்கலாம் என்று விளம்பரப்படுத்த நினைத்தது. தாக்கரே என்ற எழுத்தாளருக்கு இலவச டிக்கெட் கொடுத்து அனுப்பியது. கல்கத்தாவில் பிறந்தவர் அவர். போய் வந்து புத்தகமும் எழுதினார். ஆனால் அது கப்பல் மாறி மாறிப் போகிற பயணம். ஒரே கப்பல், ஒரே கூட்டம், புறப்பட்டதிலிருந்து திரும்பும்வரை சேர்ந்தே இருப்பது என்று பார்த்தால், நான் சொல்ல வேண்டியது 1867-ல் நியூயார்க்கிலிருந்து கிளம்பிய 'குவேக்கர் சிட்டி' கப்பலைத்தான். அமெரிக்காவிலிருந்து இப்படிப் புறப்பட்ட முதல் பெரிய உல்லாசப் பயணம் அது என்பார்கள்.

உல்லாசக் கப்பல் என்றதும் இன்றைய பன்னிரண்டு மாடிக் கப்பலை நினைத்துவிடாதீர்கள். இது மரக்கப்பல். நீளம் சுமார் 245 அடி. இரண்டு பக்கமும் நீரைத் தள்ளும் பெரிய சக்கரங்கள், நிலக்கரியில் ஓடும் நீராவி இயந்திரம், துணைக்குப் பாய்மரம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் போர்க்கப்பலாக ஓடிய வண்டி. போர் முடிந்து இரண்டே வருடத்தில் அதில் மெத்தை போட்டு, நாற்காலி போட்டு, புனித நாட்டுக்கும் எகிப்துக்கும் கிரீமியாவுக்கும் போகலாம் வாருங்கள் என்று அறிக்கை வெளியிட்டார்கள்.

கட்டணம் ஒருவருக்கு 1,250 டாலர். கரையில் இறங்கிச் சுற்றும் செலவுக்கு நாளொன்றுக்கு 5 டாலர், அதுவும் தங்கமாக வைத்துக்கொள்ள வேண்டும். பணம் இருந்தால் மட்டும் போதாது. விண்ணப்பத்தை ஒரு குழு பார்த்து, 'தகுந்த ஆள்' என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கேப்டன் சார்லஸ் டங்கன், புரூக்லினில் ஹென்றி வார்ட் பீச்சர் என்ற புகழ்பெற்ற பாதிரியாரின் சபையைச் சேர்ந்தவர். பீச்சர் வருகிறார், போர்த் தளபதி ஷெர்மன் வருகிறார் என்றெல்லாம் சொல்லித்தான் ஆள் சேர்த்தார்கள். கடைசியில் இருவருமே வரவில்லை. 150 பேரை எதிர்பார்த்த கப்பலில் அறுபது எழுபது பேர்தான் ஏறினார்கள். நம்மூர்க் கல்யாணத்தில் அமைச்சர் வருகிறார் என்று பத்திரிகையில் போடுவது நினைவுக்கு வந்தால் நான் பொறுப்பல்ல.

வந்தவர்களில் ஒருவர் 31 வயதுப் பத்திரிகைக்காரர், சாமுவேல் கிளெமன்ஸ். உங்களுக்கு மார்க் ட்வைன் என்றால் தெரியும். டாம் சாயர் எழுதியவர். அப்போது டாம் சாயர் பிறக்கவில்லை. சான் பிரான்சிஸ்கோவின் 'ஆல்டா கலிபோர்னியா' பத்திரிகை அவருடைய கட்டணத்தைக் கட்டி, போகும் இடத்திலிருந்து கடிதம் எழுதச் சொல்லி அனுப்பியது. அவரால்தான் இந்தப் பயணம் இன்றும் நினைவில் இருக்கிறது. அதில் ஒரு சங்கடமும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

1867 ஜூன் 8 அன்று புறப்பட்டார்கள். புறப்பட்டார்கள் என்பது பேச்சுக்கு. வெளிக்கடலில் புயல் என்பதால் துறைமுகத்துக்குள்ளேயே நங்கூரம் போட்டு இரண்டு நாள் நின்றார்கள்.

கப்பலுக்குள் வாழ்க்கை எப்படி என்று கேட்டால், ஒரு சின்னக் கிராமம் என்று சொல்வேன். சாயங்காலம் ஆனால் பின்பக்கக் கூடத்தில் ஜெபக் கூட்டம். ஜெபம் முடிந்ததும் சாப்பாட்டு மேசைகளில் விளக்கு வெளிச்சத்தில் இருபது முப்பது பேர் உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதுவார்கள். ஆரம்பத்தில் பக்கம் பக்கமாக ஓடும். நாளாக ஆக, நாட்குறிப்பு இளைத்துக்கொண்டே போனதை ட்வைன் கிண்டல் செய்கிறார். ஜனவரி முதல் தேதி டைரி வாங்கும் நம்மில் யாருக்கு இது தெரியாது? ஆனால் விடாமல் எழுதியவர்களும் இருந்தார்கள். கிளீவ்லாந்திலிருந்து வந்த எமிலி செவரன்ஸ் என்ற பெண்மணி வீட்டுக்கு எழுதியவை பிற்காலத்தில் நூலாகவே வந்தன. அதே ஊர்ப் பத்திரிகை முதலாளியின் மனைவி மேரி ஃபேர்பேங்க்ஸ் தன் கணவரின் பத்திரிகைக்கு எழுதினார். ட்வைனின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தவரும், அவர் எழுதியதைப் படித்துத் திருத்தம் சொன்னவரும் இவர்தான். ட்வைன் கடைசிவரை அவரை அம்மா என்றே அழைத்தார். இத்தனைக்கும் அவருக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை.

பகலில் மேல்தளத்தில், நம் பெண்பிள்ளைகள் பாண்டி ஆடக் கட்டம் போடுவதுபோல் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டு எண் எழுதி, மர வில்லைகளை நீளக் கம்பால் தள்ளி விளையாடுவார்கள். கப்பல் சாய்வதையும் கணக்கில் வைத்துத் தள்ள வேண்டும். இரவில் லாந்தர் கட்டி நடனம் வைத்துப் பார்த்தார்கள். கப்பல் வலப்பக்கம் சாய்ந்தால் ஆடுகிறவர்கள் எல்லாரும் வலப்பக்கக் கம்பியில் போய் மோதுவார்கள். இடப்பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம். நடனம் அதோடு நின்றது.

கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. ஜெபக் கூட்டத்தார் ஒரு பக்கம், சீட்டும் சுருட்டுமாக இருந்த ட்வைன் கோஷ்டி ஒரு பக்கம். முன்னவர்களை யாத்திரிகர்கள் என்றும், தன்னைச் சேர்ந்தவர்களைப் பாவிகள் என்றும் ட்வைன் பெயர் வைத்தார். கடைசி வரை இந்தப் பிளவு ஆறவில்லை.

கணக்கு வாத்தியாராக ஒன்று சொல்லாமல் போக முடியாது. ஒரு இளைஞர் தன் புதுக் கடிகாரம் கெட்டுவிட்டது, என்ன திருகினாலும் கப்பல் மணியோடு ஒத்துப்போகவில்லை என்று புலம்பினாராம். கடிகாரத்தில் கோளாறு இல்லை. கப்பல் கிழக்கே போகிறது. பூமி 15 பாகை திரும்ப ஒரு மணி நேரம். ஆகவே தினமும் சுமார் 20 நிமிடம் உள்ளூர் நேரம் முன்னே போய்க்கொண்டே இருந்தது. ஏழாம் வகுப்பில் உலக உருண்டையைச் சுற்றிக்காட்டி நான் கத்தியது யாருக்காவது நினைவிருக்கிறதா?

இனி துறைமுகங்கள். ஜிப்ரால்டர், மார்செய், ஜெனோவா, லிவோர்னோ, நேப்பிள்ஸ் என்று பட்டியல் நீளம். எல்லாவற்றையும் சொல்லப் போவதில்லை. லிவோர்னோவில் நடந்தது மட்டும் நம் மாணவரின் கேள்விக்கு நேரான பதில். சும்மா வேடிக்கை பார்ப்பதற்காக ஒரு நீராவிக் கப்பல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி வரும் என்பதை அங்கிருந்த அதிகாரிகளால் நம்பவே முடியவில்லை. போதாததற்குப் பயணிகளில் சிலர் புரட்சித் தலைவர் கரிபால்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள். ஏதோ சதி என்று கப்பலைச் சுற்றிக் காவல் படகு விட்டுவிட்டார்கள். உல்லாசப் பயணம் என்ற எண்ணமே அவ்வளவு புதிது.

அந்த வருடம் காலராவும் பரவியிருந்தது. நேப்பிள்ஸில் கப்பலை நாள்கணக்கில் ஒதுக்கி நிறுத்தினார்கள். ரயிலில் முன்னால் வந்து சேர்ந்த பாதிப் பேர் கரையில், கப்பலோடு வந்த பாதிப் பேர் கப்பலில். கரையில் இருந்தவர்கள் படகு பிடித்துப் போய்க் கீழே நின்று, 'இறங்கி வாருங்களேன்' என்று வெறுப்பேற்றினார்களாம். 2020-ல் துறைமுகங்கள் வாங்க மறுத்த கப்பல்களைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு இதுதான் ஞாபகம் வந்தது. ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸில் 11 நாள் ஒதுங்கியிருக்க வேண்டும் என்றார்கள். கேப்டன் மறுநாளே கிளம்ப முடிவு செய்தார். ட்வைனும் மூன்று பேரும் இரவோடு இரவாகப் படகில் கரையேறி, வழியில் திராட்சைத் தோட்டங்களில் திருடித் தின்றுகொண்டே அக்ரோபோலிஸ் குன்றுக்கு நடந்து, நிலா வெளிச்சத்தில் பார்த்தனானைப் பார்த்துவிட்டு விடிவதற்குள் திரும்பினார்கள். பிடிபட்டிருந்தால் சிறைதான்.

ஆகஸ்டில் கருங்கடலுக்குள் போய், யால்டாவில் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தரையே சந்தித்தார்கள். 1861-ல் பண்ணையடிமைகளை விடுவித்தவர், அந்த 1867-ல்தான் அலாஸ்காவை அமெரிக்காவுக்கு 72 லட்சம் டாலருக்கு விற்றவர். பயணிகள் சார்பில் வரவேற்புரை எழுதியது ட்வைன் தலைமையிலான குழு. அதன்பிறகு பல நாள், கப்பலின் மாலுமிகளும் சமையல்காரரும் பேரரசர் வேடம் கட்டி அந்த உரையை வாசித்து வாசித்துப் பயணிகளைக் கேலி செய்தார்கள். இந்தக் கப்பல் கதையில் வேலைக்காரர்கள் வாய் திறந்து பேசுகிற இடம் இது ஒன்றுதான் என்பதால் எனக்கு இது மிகவும் பிடிக்கும். ஐந்து மாதம் இயந்திரத்துக்கு நிலக்கரி அள்ளிப் போட்டவர்களின் நாட்குறிப்பை யாரும் அச்சிடவில்லை.

பெய்ரூட்டில் இறங்கிக் குதிரையில் புனித நாட்டைச் சுற்றியதை விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும். ஞாயிற்றுக்கிழமை பயணம் செய்யக் கூடாது என்பதற்காக மூன்று நாள் வழியை இரண்டே நாளில் விரட்டிக் குதிரைகளை நொறுக்கினார்கள் யாத்திரிகர்கள். குதிரைகளுக்கு ஓய்வுநாள் கிடையாதா என்று ட்வைன் கோபப்படுகிறார். அந்த இடத்தில் நான் பாவிகள் கட்சி.

பயணம் முடிந்து எல்லாரும் யாஃபாவில் மீண்டும் கப்பல் ஏறினார்கள். நம் வேதாகமத்தில் யோனா கப்பல் ஏறிய யோப்பா பட்டணம் அதுதான். அக்டோபர் தொடங்கும் நேரம். அங்கேதான் அந்த நாற்பது பேர் ஏறினார்கள். இந்தப் பதிவையே நான் அவர்களுக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

அவர்களும் அமெரிக்கர்கள். ஆனால் உல்லாசத்துக்கு வந்தவர்கள் இல்லை. ஒரு வருடம் முன்பு, 1866 ஆகஸ்டில், மெய்ன் மாநிலத்தின் ஜோன்ஸ்போர்ட் என்ற சிற்றூரிலிருந்து 'நெல்லி சேப்பின்' என்ற கப்பலில் ஏறத்தாழ 157 பேர் குடும்பம் குடும்பமாகக் கிளம்பி யாஃபா வந்தார்கள். ஜார்ஜ் ஆடம்ஸ் என்ற ஒருவர், முன்னாள் நாடக நடிகர், தானே ஒரு சபையைத் தொடங்கியவர். கிறிஸ்துவின் இரண்டாம் வருகைக்கு முன் நாம் போய் அந்த மண்ணைப் பண்படுத்த வேண்டும் என்று அவர் சொன்னதை நம்பி, நிலம் வீடு எல்லாவற்றையும் விற்றுவிட்டு வந்தவர்கள். பிரித்துப் பூட்டும்படி அறுத்த மரவீடுகளையும் கப்பலிலேயே கொண்டுவந்தார்கள். வந்து சேர்ந்த சில வாரங்களிலேயே நோயில் பலர் இறந்தார்கள், அதில் குழந்தைகள் அதிகம். விளைச்சல் பொய்த்தது. தலைவரோ குடியில் விழுந்தார். பிறகு அவரும் அவர்களை விட்டுவிட்டுப் போனார்.

ஊர் திரும்பக் காசில்லாமல் தவித்தவர்களில் நாற்பது பேரை குவேக்கர் சிட்டி அலெக்சாந்திரியா வரை ஏற்றிக்கொண்டது. ஜெபமும் விளையாட்டும் நடந்த அதே மேல்தளத்தில் அவர்கள் கடல் மயக்கத்தில் சுருண்டு கிடந்தார்கள். என்ன நடந்தது என்று துருவித் துருவிக் கேட்டும் அவர்கள் அதிகம் பேசவில்லை என்கிறார் ட்வைன். ஏமாந்ததைப் பற்றி யார்தான் வாய் திறந்து பேசுவார்கள்?

அலெக்சாந்திரியாவில் இறங்கியதும், பயணிகளில் ஒருவரான மோசஸ் பீச், அமெரிக்கத் தூதரிடம் போய் இவர்களை மெய்ன் வரை அனுப்ப எவ்வளவு ஆகும் என்று கேட்டார். நியூயார்க் 'சன்' பத்திரிகையின் உரிமையாளர் அவர், மகளோடு வந்திருந்தார். 1,500 டாலர், தங்கமாக என்று பதில் வந்தது. பீச் காசோலை எழுதிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

பழக்கதோஷத்தில் நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தங்க டாலருக்குக் காகித டாலரைவிட அப்போது மதிப்பு கூடுதல். அப்படிப் பார்த்தாலும், நாற்பது பேர் வீடு திரும்பிய செலவு, இந்தக் கப்பலில் இரண்டு பேர் உல்லாசமாகச் சுற்றிவந்த கட்டணத்தைவிடக் குறைவு.

ட்வைன் இதைச் சொல்கிறார்தான், மறைக்கவில்லை. ஆனால் அவருடைய பெரிய புத்தகத்தில் இதற்கு ஓரிரு பக்கம். திராட்சை திருடியதற்குக் கிடைத்த இடம்கூட இதற்கு இல்லை. நான் சங்கடம் என்று சொன்னது இதைத்தான். நன்றாக எழுதத் தெரிந்தவர் எதைப் பார்த்துச் சிரித்தாரோ அதுவே வரலாறாக நின்றுவிட்டது. நாற்பது பேரில் ஒருவர் பேனா பிடித்திருந்தால் இந்தக் கப்பல் வேறு மாதிரி தெரிந்திருக்கும்.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரமிடு பார்த்தார்கள். திரும்பும் வழியில் ஒரு பயணி, கப்பல் காபி வாய்க்கு விளங்கவில்லை என்று கோப்பையோடு கேப்டனிடம் சண்டைக்குப் போனார். கேப்டன் பார்த்துவிட்டு, காபி என்றால் மட்டம்தான், ஆனால் டீ என்றால் பரவாயில்லை என்றார். குடித்தது டீ! நவம்பர் 19 அன்று நியூயார்க் சேர்ந்தார்கள். சேர்ந்த உடனேயே ட்வைன் பத்திரிகையில் முழுப் பயணத்தையும் ஒரு சாவு ஊர்வலத்தோடு ஒப்பிட்டுக் கிண்டலாக எழுத, யாத்திரிகர்கள் கொதித்துப் போனார்கள். 1869-ல் வந்த 'இன்னொசென்ட்ஸ் அப்ராட்' என்ற புத்தகம், அவர் உயிரோடு இருந்தவரை அவருடைய நூல்களில் அதிகம் விற்றது. கப்பலில் சிநேகமான 17 வயதுப் பையன் சார்லி லாங்டன் காட்டிய அக்காவின் படத்தைப் பார்த்து மனதைப் பறிகொடுத்ததாக ட்வைன் சொல்வார். 1870-ல் அந்த ஒலிவியாவையே மணந்தார்.

யாஃபாவில் எல்லாரும் கப்பல் ஏறிவிடவில்லை. சிலர் அங்கேயே தங்கினார்கள். அவர்களில் ரோலா ஃபிளாய்ட் என்பவர் அரபு கற்றுக்கொண்டு சுற்றுலா வழிகாட்டியானார். 1869-ல் தாமஸ் குக் கம்பெனி பாலஸ்தீனத்துக்கு ஆள் கூட்டிவரத் தொடங்கியது. பிற்காலத்தில் ஃபிளாய்ட் அவர்களுக்கும் வேலை பார்த்தார். யாஃபாவில் அன்று கப்பல் கரைக்கு வர முடியாது. வெளியே நிற்கும், பாறைகளுக்கு நடுவே படகில்தான் ஆளை இறக்குவார்கள். அப்படி இறங்கிய வெள்ளைக்காரச் சுற்றுலாப் பயணிகளை எருசலேம்வரை கூட்டிப்போனவர்களில் இந்த மெய்ன்காரரும் ஒருவர்.

அந்த மரவீடுகளில் சில இன்னும் டெல் அவிவ்–யாஃபாவில் நிற்கின்றன. ஒன்றை அருங்காட்சியகமாகவே வைத்திருக்கிறார்கள்.