பின்சக்கர டிஸ்க் பிரேக்: சத்தமும் இழுவையும்

டிஸ்க் பிரேக் என்பது, சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஓர் உலோகத் தட்டை இருபுறமும் இரண்டு பேடுகள் கவ்விப் பிடித்து வண்டியை நிறுத்தும் அமைப்பாகும். தமிழில் 'வட்டுத் தடை' எனலாம். ஆனால் திண்டிவனத்துப் பட்டறை எதிலும் அந்தச் சொல்லைச் சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆகவே இக்கட்டுரையில் டிஸ்க் என்றே எழுதுகிறேன்.

என் மோட்டார் சைக்கிளின் பின்சக்கரத்துக்குத் திண்டிவனத்தில் புதுப் பேடு மாற்றிக்கொண்டு இரும்பைக்குத் திரும்பிக் கொண்டிருந்தேன். புறப்படும்போதே 'கீச்' என்று சத்தம் வந்தது. "புதுசு சார், அப்படித்தான் கத்தும். ஓட ஓடச் சரியாப் போயிடும்" என்றார் மெக்கானிக். கிளியனூர் தாண்டுவதற்குள் வண்டி கனத்தது; ஆக்சிலேட்டரைத் திருகினாலும் யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போலிருந்தது. கருகிய வாடையும் வந்தது. இறங்கி, குடிநீர் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டேன். தட்டில் பட்டதும் சுரீரென்று ஆவியானது.

மெக்கானிக் சொன்னது பாதி சரி. சத்தம் வேறு, இழுவை வேறு. ஓட ஓடச் சரியாவது முதலாவது மட்டுமே. இரண்டாவது ஓட ஓட மோசமாகும். இந்த இரண்டு தொல்லைகளுக்கும் தனித்தனி வரலாறு உண்டு.

சத்தத்தின் வரலாறே மூத்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமில் கார் செய்துவந்த ஃபிரடெரிக் லான்செஸ்டர் 1902-இல் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை பெற்றார். அவருடைய ஏற்பாட்டில் உலோகத் தட்டின்மேல் செம்பு உரசியது. உலோகத்தோடு உலோகம் உரசினால் என்ன ஆகும்? கரும்பலகையில் நகம் பட்டால் வகுப்பே காதைப் பொத்திக் கொள்ளுமே, அதைப் பல மடங்காக்கிக் கொள்ளுங்கள். செம்பும் விரைவில் தேய்ந்தது.

இதற்கு விடை ஹெர்பர்ட் ஃபுரூட் என்பவரிடமிருந்து வந்தது. டெர்பிஷயர் மலைச்சரிவில் குதிரை வண்டிக்காரர்கள் மரத்தடைக் கட்டையில் பழைய செருப்புத் தோலை அடித்து ஓட்டுவதைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்தது என்பர். 1897-இல் அவர் தொடங்கிய தொழிலே, அவர் பெயரின் எழுத்துகளை மாற்றிக் கோத்த 'ஃபெரோடோ' ஆயிற்று. சில ஆண்டுகளில் அவர் அஸ்பெஸ்டாஸ் கலந்த உரசுபொருளைக் கொண்டுவந்தார். கீச்சொலி அடங்கியது. ஆனால் அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதை உலகம் பின்னரே உணர்ந்தது. பிரிட்டன் வெள்ளை அஸ்பெஸ்டாஸை முழுதாகத் தடை செய்தது 1999-இல்தான். இன்றும் பட்டறையில் பிரேக் தூசியை வாயால் ஊதும் பையன்களைப் பார்க்கிறேன். எந்தப் பேடாக இருந்தாலும் ஊதாமல் ஈரத்துணியால் துடைப்பதே நல்லது.

இழுவையின் வரலாறு பிந்தியது. டிரம் பிரேக்கில் ஷூவைப் பின்னுக்கு இழுக்க ஸ்பிரிங் உண்டு. டிஸ்க்கில் பேட் தட்டை ஒட்டியே நிற்கிறது. விலக வேண்டிய தூரம் மயிரிழையளவு. 1953-இல் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் கார் லெ மான் 24 மணிநேரப் பந்தயத்தில் வென்றபின் உலகம் இம்முறையை நம்பத் தொடங்கியது. அக்கால டன்லப் காலிப்பர்களில் பிஸ்டனைப் பின்னிழுக்கத் தனி ஏற்பாடு இருந்தது. இன்று அந்த வேலையைச் செய்வது ஒரு சதுர விளிம்பு ரப்பர் சீல்தான். பிஸ்டன் முன்னே போகும்போது சீல் சற்றே முறுக்கிக் கொள்கிறது. அழுத்தம் நீங்கியதும் நிமிர்ந்து பிஸ்டனையும் கூட்டிக்கொண்டு திரும்புகிறது. பிஸ்டனில் துருவேறினாலோ அழுத்தம் முழுதாக நீங்காவிட்டாலோ அந்தச் சின்ன ரப்பரால் ஒன்றும் செய்ய முடியாது.

தமிழ்நாட்டில் பிரேக் தொழில் 1962-லேயே சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா நிறுவனத்தோடு வேரூன்றியது. ஆனால் இருசக்கர வண்டிக்கு டிஸ்க் வரத் தாமதமாயிற்று. 1980-களில் என்ஃபீல்டு நிறுவனத்தின் ஃபியூரி 175 முன்சக்கர டிஸ்க்கோடு வந்தது, அதிகம் விற்கவில்லை. பின்சக்கரத்துக்கு டிஸ்க் பரவியது 2007-க்குப் பிறகுதான்: பல்சர் 220, அடுத்த ஆண்டு யமஹா ஆர்15, பிறகு ஓசூரிலிருந்து அப்பாச்சி 180. டிரம் பிரேக்கின் கம்பியை முறுக்கியே பழகிய கைகளுக்கு இது புது வேலை. பழைய பழக்கம் எங்கே தவறிழைக்கும் என்பதை என் வண்டியே காட்டிற்று.

வீட்டுக்கு வந்து, தட்டு ஆறியபின், வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்திச் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். லேசான உரசல் ஒலியோடு இரண்டொரு சுற்றாவது சுற்ற வேண்டும். கால் சுற்றிலேயே நின்றது. இந்நிலையில் காலிப்பரில் உள்ள ப்ளீடர் நிப்பிளைச் சிறிது தளர்த்திப் பார்ப்பதுதான் தெளிவான சோதனை. பிரேக் ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால் குற்றம் அழுத்தத்தில்; விடுபடாவிட்டால் துருப்பிடித்த பிஸ்டனிலோ காலிப்பர் நகரும் ஸ்லைடு பின்னிலோ. செம்மண் புழுதியும் கடற்காற்றும் சேர்ந்த எங்கள் பக்கத்தில் ஸ்லைடு பின் இறுகுவது சகஜம். அதற்குச் சாதாரண கிரீஸ் தடவக் கூடாது, ரப்பர் உப்பிவிடும். சிலிகான் கிரீஸ்தான் வேண்டும். நிப்பிளைத் திறக்கும் இச்சோதனையில் காற்று உள்ளே போகாமலும், ஆயில் பெயிண்டிலோ பேடிலோ படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பழக்கமில்லாதவர் மெக்கானிக்கையே செய்யச் சொல்லலாம்.

என் சக்கரம் விடுபட்டது. அப்படியானால் குற்றம் அழுத்தத்தில். உடனே நினைவுக்கு வந்தது: முழங்கால் வலியால், "பெடலைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள் தம்பி, கால் எட்டவில்லை" என்று நான்தான் கேட்டிருந்தேன். அவரும் டிரம் பிரேக் போல நினைத்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் கம்பியின் நட்டைத் திருகிவிட்டார். பெடலில் சிறிதும் தளர்வில்லை. தளர்வில்லையேல் உள்ளே உள்ள பிஸ்டன், ஆயில் திரும்பிப் போகும் சிறு துளையை மூடியே வைத்திருக்கும். பேட் உரசச் சூடு ஏறும், சூட்டில் ஆயில் விரியும், திரும்ப வழியில்லாததால் பேடை மேலும் அழுத்தும், மேலும் சூடு.

இந்த வட்டம் ஆபத்தானது. டாட் 4 வகைப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அவ்வெல்லை 155 டிகிரி. கொதித்தால் குழாயில் ஆவி நிறையும். பிறகு பெடல் அடிவரை போகும், வண்டி நிற்காது.

நட்டைத் திருப்பிப் பெடலில் சில மில்லிமீட்டர் தளர்வு கொடுத்ததும் சக்கரம் சுற்றியது. சூட்டில் மேற்பரப்பு பளபளத்துப்போன பேடுகளைக் கழற்றிவிட்டு வேறு போட்டோம். அவையும் கீச்சென்று கத்தின. சில நூறு கிலோமீட்டருக்குப் பிறகு நின்றுவிட்டது.